தூணுக்குக் கவர் எவ்வளவு? ஐ.எஸ். 456-ஐச் செமான்டிக் மாடலாக்கிப் படிக்கும் வழி

"தூணுக்குக் கவர் எவ்வளவு சார்?" கவர் என்றால் கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம். சைட்டில் யாரைக் கேட்டாலும் 40 மி.மீ. என்று உடனே பதில் வந்துவிடும். ஆனால் எப்போது 45, எப்போது 25 போதும், அந்த 40-ஐ ரிங் (மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) வரைக்கும் அளக்க வேண்டுமா மெயின் கம்பி வரைக்கும் அளக்க வேண்டுமா, கடலோரக் கட்டடம் என்றால் என்ன மாறும் என்று அடுத்தடுத்துக் கேட்டால் கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456:2000-ஐத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தால் பிரிவு 26.4-இல் ஆரம்பித்து அட்டவணை 16-க்குப் போய், அதன் அடிக்குறிப்புகளைப் படித்து, அதில் வரும் 'சிவியர்' என்ற சூழல் வகை என்ன என்று பார்க்க அட்டவணை 3-க்குத் திரும்பி, கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும் கிரேடு (எம்25, எம்30 போல) சரிதானா என்று அட்டவணை 5-ஐப் பார்த்து, தீ எதிர்ப்புக்கு அட்டவணை 16ஏ-வுக்கு வர வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் பதில் தப்பாகிவிடலாம்.

ஆவணம் மோசமாக எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 1953-இல் முதலில் வந்து, 1957, 1964, 1978 என்று திருத்தப்பட்டு, 2000-இல் நான்காவது திருத்தமாக வெளியான தரநிலை அது. பொருள்வாரியாக ஒழுங்காகத்தான் அடுக்கியிருக்கிறார்கள். நம் கேள்விதான் அந்த அடுக்கில் வருவதில்லை. கவர் என்பது துருப்பிடிப்பைத் தடுக்கிற விஷயம், கம்பி கட்டுகிற விஷயம், தீயைத் தாங்குகிற விஷயம், ஆகவே மூன்று இடத்திலும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

செமான்டிக் மாடல் என்பது இங்கேதான் உதவுகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆவணத்தில் வருகிற பொருள்கள் எவை (தூண், ஃபுட்டிங் எனும் அடித்தளம், கம்பி, கான்கிரீட் கிரேடு, சூழல்), அவற்றுக்குள் என்ன உறவு, எந்த விதி எதன்மேல் எந்த நிபந்தனையில் பாய்கிறது, எந்த விதி எந்த விதியைத் தளர்த்துகிறது என்பதையெல்லாம் வாக்கியத்திலிருந்து பிரித்து, மனிதரும் கணினியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும்படி எழுதி வைப்பது, அவ்வளவுதான். ஐ.எஸ். 456-இன் கவர் விதிகளை மட்டும் எடுத்து அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். ஆவணத்தின் வகை எதுவானாலும், மின்சாரமோ அழுத்தக் கலனோ, வழி இதேதான்.

முழு ஆவணத்தையும் எடுக்காதீர்கள்

முதல் பக்கத்திலிருந்து மாடல் போட ஆரம்பித்தால், கலைச்சொல் பட்டியலைத் தாண்டுவதற்குள் களைத்துப் போவீர்கள். கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் அலுவலகத்திலும் சைட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளில் ஐந்தாறை அவர்கள் கேட்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள். 'திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் வீடு, வெளிப்புற பீமுக்குக் கவர் எவ்வளவு?', 'உள்ளே இருக்கிற ஸ்லாபுக்கு 15 விடலாமா?', 'எம்35 போட்டால் கவரைக் குறைக்கலாமாமே, உண்மையா?' இப்படி. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தேவையான பிரிவுகள் மட்டும் மாடலுக்குள் வரட்டும். மற்றவை வெளியே இருக்கட்டும், இன்னொரு நாள் பார்க்கலாம்.

இந்தக் கேள்விகளேதான் கடைசியில் உங்கள் சோதனைத் தாளாகவும் ஆகும். அதனால் எதிர்பார்க்கும் பதிலையும், அந்தப் பதில் எந்தப் பிரிவுகளிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

நான்கு வண்ணத்தில் கோடு போடுங்கள்

அடுத்து, தேர்ந்த பிரிவுகளை அச்செடுத்து ஹைலைட்டரோடு உட்காருங்கள். கட்டட விதிகளைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றுகிறவர்கள் பயன்படுத்தும் ரேஸ் என்ற முறை ஒன்று இருக்கிறது, எய்லிஃப் ஹெல்செத், நிக் நிஸ்பெட் இருவரும் கொண்டுவந்தது. ஒவ்வொரு விதிவாக்கியத்திலும் நான்கு விதமான பகுதிகளைத் தேடச் சொல்கிறது: என்ன செய்ய வேண்டும் என்கிற தேவை, எதற்குப் பொருந்தும் என்கிற வரம்பு, பல வகைகளில் எவையெல்லாம் சேரும் என்கிற தேர்வு, எதற்குப் பொருந்தாது என்கிற விதிவிலக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம்.

கேட்கச் சின்ன வேலைதான். ஆனால் புரிதலில் பாதி இங்கேயே நடந்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. வண்ணம் போட்டு முடித்த பக்கத்தைப் பார்த்தால், எந்த வாக்கியத்தில் வரம்பு சொல்லாமலே தேவை மட்டும் சொல்லியிருக்கிறது, எந்த அடிக்குறிப்பு உண்மையில் ஒரு தனி விதி என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். அடிக்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். அட்டவணை 16-இல் எண்கள் ஐந்தே ஐந்து: மைல்ட் 20, மாடரேட் 30, சிவியர் 45, வெரி சிவியர் 50, எக்ஸ்ட்ரீம் 75. அதை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். கீழே இருக்கும் குறிப்புகளில்தான் விஷயம் இருக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: விதியின் வலிமை. 'ஷல்' என்று வந்தால் கட்டாயம், 'ஷுட்' என்று வந்தால் பரிந்துரை, 'மே' என்று வந்தால் அனுமதி. அனுமதியைக் கட்டாயம் போல மாடலில் எழுதிவிட்டால், மென்பொருள் தானாகவே கவரைக் குறைத்துக் கொடுத்துவிடும். வடிவமைப்பாளர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள முடிவு செய்திருக்கவே மாட்டார்.

விதிக்கு ஒரு அட்டை

இப்போது ஒவ்வொரு விதிக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். ஆரம்பத்தில் எக்செலே போதும், ஒரு வரி ஒரு விதி. தூண் விதியை எழுதினால் இப்படி இருக்கும்:

விதி எண்: 26.4.2.1 – அ
எதற்கு: தூணின் நெடுக்குக் கம்பி
எப்போது: எல்லாச் சூழலிலும்
என்ன: நாமினல் கவர், குறைந்தது 40 மி.மீ.; கம்பியின் விட்டத்துக்கும் குறையக் கூடாது
வலிமை: கட்டாயம்

விதி எண்: 26.4.2.1 – ஆ
எதற்கு: தூண்
எப்போது: குறைந்தபட்சப் பக்க அளவு 200 மி.மீ. அல்லது அதற்குக் கீழ், கம்பிகள் 12 மி.மீ.-க்கு மேல் போகாதபோது
என்ன: நாமினல் கவர் 25 மி.மீ. வைத்துக்கொள்ளலாம்
வலிமை: அனுமதி
எதைத் தளர்த்துகிறது: 26.4.2.1 – அ

கடைசி வரியைக் கவனியுங்கள். விதிவிலக்கை நான் தூணோடு இணைக்கவில்லை, விதியோடு இணைத்திருக்கிறேன். ஏன் என்றால், தூணோடு இணைத்தால் 'சின்னத் தூணுக்கு 25' என்று எல்லா இடத்திலும் பதில் வரும். விதியோடு இணைத்தால் அது அந்த 40-ஐ மட்டும்தான் தளர்த்தும். அட்டவணை 16 தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். மாடரேட் சூழலில் நிற்கும் சின்னத் தூணுக்கு 30 கேட்கப்படும், சிவியரில் 45 கேட்கப்படும். ஆவணத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன். வேறு மாதிரிப் படிக்கிறவர்களும் இருக்கலாம், ஆனால் அட்டையாக எழுதிவிட்டால் எங்கே வேறுபடுகிறோம் என்று அந்த ஒரு வரியில் விரல் வைத்துப் பேசலாம்.

அதே அட்டை இன்னொரு கேள்வியையும் கிளப்பும். 26.4.1-இல் நாமினல் கவர் என்பது ரிங் உட்பட எல்லாக் கம்பிக்கும் மேலே இருக்கும் கான்கிரீட்டின் கனம் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. 26.4.2.1 தூணின் நெடுக்குக் கம்பியைப் பற்றிப் பேசுகிறது. அப்படியானால் 40-ஐ எதுவரைக்கும் அளப்பது? 8 மி.மீ. ரிங் போட்டால் இரண்டு வாசிப்புக்கும் இடையே 8 மி.மீ. வித்தியாசம், கவர் பிளாக்கின் அளவே மாறிப்போகும். மாடலில் ஒவ்வொரு கவருக்கும் 'எதுவரை அளக்கிறது' என்று ஒரு கட்டம் வையுங்கள். ஆவணம் தெளிவாகச் சொல்லாத இடத்தில் அந்தக் கட்டத்தை ஊகித்து நிரப்பாதீர்கள், 'முடிவு செய்ய வேண்டியது' என்று குறியுங்கள். உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒரு முடிவு சொல்வார், அவர் பெயரும் தேதியும் போட்டு அதையும் மாடலிலேயே எழுதி வைக்கலாம். இதுமாதிரிக் குறிகள் சேர்ந்த பட்டியல்தான் இந்த வேலையில் கிடைக்கும் மிக மதிப்புள்ள காகிதம் என்பேன்.

எண்களை எழுதும்போது எண்ணை மட்டும் எழுதினால் போதாது. 50 என்றால் மில்லிமீட்டரா, குறைந்தபட்சமா அதிகபட்சமா என்பதும் கூடவே வர வேண்டும். அட்டவணை 5-இல் ஒரே வரியிலேயே இரண்டு திசையும் வருகிறது: சிவியர் சூழலில் ரீஇன்ஃபோர்ஸ்டு கான்கிரீட்டுக்குச் சிமென்ட் கனமீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ, தண்ணீர்-சிமென்ட் விகிதம் அதிகபட்சம் 0.45, கிரேடு குறைந்தது எம்30. அந்த 320-ம் 20 மி.மீ. ஜல்லிக்குத்தான், 10 மி.மீ. ஜல்லி என்றால் அட்டவணை 6 இன்னும் 40 கிலோ சேர்க்கச் சொல்கிறது, 40 மி.மீ. என்றால் 30 கிலோ குறைக்கச் சொல்கிறது. இந்தச் சார்பும் ஓர் உறவாக மாடலில் இருக்க வேண்டும்.

சூழல் வகைகள்: இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள்

எல்லாக் கணக்கும் அட்டவணை 3-இல் நீங்கள் எந்தச் சூழலைத் தேர்கிறீர்கள் என்பதில் இருக்கிறது, அதனால் அதை வெறும் ஐந்து பெயராக மாடலில் போட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சூழலுக்கும் அதன் அடையாளங்களைத் தனித்தனியாக எழுதுங்கள். கடலோரச் சூழலுக்குத் திறந்திருக்கும் கான்கிரீட் சிவியர். கடலோரப் பகுதியில் இருந்தாலும் உப்புக் காற்று நேரடியாகப் படாமல் மறைவாக இருந்தால் மாடரேட். கடல் நீர்த் துளி தெறிக்கும் இடம் வெரி சிவியர். அலை ஏறி இறங்கும் பகுதியில் நிற்கும் உறுப்புகள் எக்ஸ்ட்ரீம். ஆச்சரியமாக, கடல் நீருக்குள் முழுதாக மூழ்கியிருப்பது சிவியர்தான். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும் இடத்தில் உப்பும் ஆக்சிஜனும் சேர்ந்தே கம்பிக்குப் போகும், எப்போதும் மூழ்கியிருந்தால் ஆக்சிஜன் அவ்வளவாகப் போகாது. இந்தக் காரணத்தையும் ஒரு குறிப்பாக மாடலில் இணைத்து வைத்தால் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு மிகவும் உதவும்.

மைல்ட் என்ற வகையின் வரையறையிலேயே கடலோரப் பகுதி விலக்கப்பட்டிருக்கிறது. திருவான்மியூர் வீட்டில் ஹாலுக்குள் இருக்கும் பீமையும் மைல்ட் என்று போட முடியாது. மாடரேட், குறைந்தது எம்25, கவர் 30. வெளிப்புற பீம் சிவியர், எம்30, கவர் 45. மாடலில் 'கடலோரம்: ஆம்' என்று ஒரே ஒரு தகவலைக் கொடுத்தால், மைல்ட் தானாகப் பட்டியலிலிருந்து விழுந்துவிட வேண்டும். விழவில்லை என்றால் விதிவிலக்கை எங்கோ விட்டிருக்கிறீர்கள். கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை கடலோரம் என்று அட்டவணை 3 எண் ஏதும் தரவில்லை, அதுவும் 'முடிவு செய்ய வேண்டியது' பட்டியலுக்குப் போகட்டும்.

மாடல் காட்டிக்கொடுப்பவை

எல்லா அட்டைகளும் ஒரே இடத்தில் வந்த பிறகு, தனித்தனியாகப் படிக்கும்போது கண்ணில் படாத இணைப்புகள் தெரிய ஆரம்பிக்கும். இரண்டைச் சொல்கிறேன்.

அட்டவணை 16-இன் குறிப்பு ஒன்று, சிவியரிலும் வெரி சிவியரிலும் கான்கிரீட் எம்35 அல்லது அதற்கு மேல் என்றால் கவரில் 5 மி.மீ. குறைத்துக்கொள்ளலாம் என்கிறது. சரி. ஆனால் அட்டவணை 5-இன்படி வெரி சிவியரில் ரீஇன்ஃபோர்ஸ்டு கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்ச கிரேடே எம்35. அதாவது ஆவணத்தின்படி நடக்கிற எந்தக் கட்டடத்திலும் வெரி சிவியரில் அந்தச் சலுகையின் நிபந்தனை எப்போதும் நிறைவேறியே இருக்கும், 50 என்று அச்சிட்டிருப்பது நடைமுறையில் 45 வரை இறங்க அனுமதி உள்ள எண். எத்தனையோ பேர் இந்த இரண்டு அட்டவணையையும் தினமும் பார்க்கிறார்கள், பக்கங்கள் தள்ளி இருப்பதால் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அடுத்தது ஸ்லாப். மைல்ட் சூழலில் மெயின் கம்பி 12 மி.மீ. வரை இருந்தால் 5 மி.மீ. குறைக்கலாம் என்று இன்னொரு குறிப்பு சொல்வதால்தான் சைட்டில் ஸ்லாபுக்கு 15 மி.மீ. கவர் பிளாக் வைக்கும் வழக்கம். ஆனால் அட்டவணை 16ஏ-வில், அரை மணி நேரத் தீ எதிர்ப்புக்கே ஸ்லாபுக்கு 20 மி.மீ. என்று இருக்கிறது. கட்டடத்துக்குத் தீ எதிர்ப்பு நேரம் என்று ஒன்று குறிப்பிடப்பட்டிருந்தால் 15 நிற்காது. இரண்டு மணி நேரம் என்றால் சிம்ப்ளி சப்போர்ட்டட் (இரு முனையிலும் வெறுமனே தாங்கப்பட்ட) ஸ்லாபுக்கு 35, கன்டினியுவஸ் (தாங்கிகளைத் தாண்டித் தொடரும்) ஸ்லாபுக்கு 25. மாடலில் இதை எழுத ஒரே வரி போதும்: ஒரு கம்பிக்குப் பொருந்துகிற எல்லாக் கவர் தேவைகளிலும் பெரியதுதான் இறுதி. ஃபுட்டிங்குக்கும் அப்படித்தான்: மாடரேட்டுக்கு 30 என்றாலும் 26.4.2.2 ஃபுட்டிங்குக்குக் குறைந்தது 50 என்பதால் 50.

எந்தக் கருவியில் எழுதுவது

எக்செலில் ஐம்பது விதி வரை தாராளமாக ஓட்டலாம், அதற்கு மேல் உறவுகள் சிக்கலாகும்போது தகவலை உறவுகளாக எழுதும் வடிவமான ஆர்.டி.எஃப்-க்கு மாறுங்கள். அதில் எல்லாமே மூன்று துண்டு வாக்கியங்கள்தான்: 'விதி ஆ – தளர்த்துகிறது – விதி அ', 'பீம் 12 – இருக்கும் சூழல் – சிவியர்'. எழுதிப் பார்க்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புரோட்டேஜே மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே பொருளுக்கு இருக்கும் பல பெயர்களை ஸ்கோஸ் என்ற கலைச்சொல் தொகுப்பு முறையில் சேர்த்து வைக்கலாம்: ஆவணம் லிங்க் என்கிறது, டிராயிங்கில் ஸ்டிரப் அல்லது டை என்று இருக்கும், கம்பி கட்டுகிறவர் ரிங் என்பார். எதைத் தேடினாலும் ஒரே இடத்துக்கு வர வேண்டும்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் ஒரு இடம் உண்டு. 'ஒவ்வொரு தூணுக்கும் கவர் இருக்கும்' என்று வகைகளையும் உறவுகளையும் வரையறுக்கும் ஆவுல் மொழியில் எழுதிவிட்டு, கவர் கொடுக்காத ஒரு தூணை உள்ளே விட்டால், பிழை காட்டாது. கவர் எங்கோ இருக்கிறது, எனக்கு இன்னும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளும். அதன் தர்க்கமே அப்படி. கவர் கொடுக்கவில்லை, கொடுத்தது 45-க்குக் குறைவு என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டுமானால் அதற்கு 2017-இல் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரையாக வெளியிட்ட ஷாக்கிள் என்ற மொழி இருக்கிறது. சொற்களையும் வகைகளையும் ஆவுலில் வையுங்கள், சரிபார்க்கும் விதிகளை ஷாக்கிளில் வையுங்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு இரண்டுக்கும் நூலகங்கள் உண்டு. பிம் மாடல் (கட்டடத் தகவல்கள் அடங்கிய கணினி மாதிரி) வைத்திருக்கும் அலுவலகம் என்றால், உங்கள் தூண், ஃபுட்டிங், கம்பி வகைகளை பிம் தகவல் பரிமாற்றத்துக்கான ஐ.எஃப்.சி. வகைகளோடு, அதாவது ஐ.எஸ்.ஓ. 16739-இல் இருப்பவற்றோடு, ஒன்றுக்கு ஒன்று இணைத்துவிட்டால் டிராயிங்கிலிருந்தே தகவல் வரும்.

'பி.டி.எஃப்-ஐ அப்படியே ஏ.ஐ. சாட்பாட்டில் போட்டுக் கேட்டால் ஆகாதா?' என்று கேட்பீர்கள். கேட்கலாம், ஆனால் பி.டி.எஃப்-இலிருந்து எழுத்தை உருவும்போது அட்டவணையின் அடிக்குறிப்பு எந்த எண்ணோடு சேர்ந்தது என்பது பல நேரம் தொலைந்துவிடுகிறது, வந்த பதிலில் எந்தெந்த விதி பார்க்கப்பட்டது என்றும் தெரிவதில்லை. மாடலை அடியில் வைத்து, சாட்பாட்டை மேலே கேள்வி வாங்கும் முகமாக மட்டும் வைத்தால் நன்றாக வேலை செய்யும். பதிலோடு விதி எண்ணும் கட்டாயம் வர வேண்டும்.

பதிப்பு, திருத்தம், உரிமை

ஐ.எஸ். 456 தன் பின்னிணைப்பில் குறிப்பிடும் தரநிலைகளில் பலவும் பிறகு மாறிவிட்டன. ஜல்லி, மணலுக்கான ஐ.எஸ். 383 இப்போது 2016 பதிப்பு, நிலநடுக்கத்துக்கான கம்பி அமைப்பைச் சொல்லும் ஐ.எஸ். 13920-உம் 2016, மிக்ஸ் டிசைனுக்கான ஐ.எஸ். 10262 என்றால் 2019. அதனால் 'ஐ.எஸ். 383' என்று மட்டும் இணைக்காதீர்கள்; ஆவணம் சொல்லும் பதிப்பு ஒன்று, நீங்கள் பயன்படுத்தும் பதிப்பு ஒன்று என்று இரண்டு உறவு வையுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) வெளியிடும் திருத்தங்களையும் பழைய விதியை அழித்து எழுதாமல், 'இதை மாற்றுகிறது, இந்தத் தேதியிலிருந்து' என்று புதிய அட்டையாகச் சேருங்கள். பத்து வருடம் முன்பு கட்டியதை ஆய்வு செய்யும்போது அன்றைய விதி என்ன என்று கேட்டால் பதில் இருக்கும்.

ஆவணத்தின் வாக்கியங்களை அப்படியே அள்ளி மாடலில் போட்டு வெளியே கொடுக்கக் கூடாது, உரிமை பி.ஐ.எஸ்.-உடையது. பிரிவு எண்ணும் உங்கள் சொற்களில் சுருக்கமும் போதும். மூல ஆவணத்தைத் திறந்து பார்க்க வழி காட்டுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

ஆரம்பத்தில் எழுதிய கேள்விகளை இப்போது மாடலிடம் கேளுங்கள். சிவியர், எம்30, 16 மி.மீ. கம்பி, ஒரு மணி நேரத் தீ எதிர்ப்பு கொண்ட பீமுக்கு 45 வர வேண்டும். கிரேடை எம்35 ஆக மாற்றினால் '45. 40 வரை குறைக்க அனுமதி உண்டு' என்று இரண்டும் வர வேண்டும், வெறும் 40 வந்தால் அனுமதியைக் கட்டாயமாக எழுதிவிட்டீர்கள். மைல்ட் சூழலில் இரண்டு மணி நேரத் தீ எதிர்ப்புள்ள சிம்ப்ளி சப்போர்ட்டட் பீமுக்கு 40. 20 வந்தால் அட்டவணை 16ஏ இணையவில்லை. அப்புறம், ஆவணத்தை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் பதிலை மட்டும் காட்டாமல், பதில் வந்த வழியையும் காட்டுங்கள். அவர் 'இந்த விதி இங்கே ஏன் வந்தது?' என்று கேட்கும் இடங்களில்தான் வரம்பு தவறாக இருக்கும்.

சைட்டுக்குக் கொடுக்கும்போது கிராஃபையும் முடிச்சுகளையும் காட்ட வேண்டாம். உறுப்பு, சூழல், கிரேடு, கம்பி விட்டம், தீ எதிர்ப்பு நேரம் என்று ஐந்து கட்டம் நிரப்பினால் கவர் எவ்வளவு, எதுவரை அளப்பது, எந்தப் பிரிவு என்று மூன்று வரி வரும் ஒரு பக்கம் போதும்.

கவர் ஒழுங்காக ஓடிய பிறகு அடுத்ததாகப் பிரிவு 11.3.1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், சென்ட்ரிங் பிரிக்கும் காலம். ஸ்லாபின் ஸ்பான் 4.5 மீட்டர் வரை என்றால் முட்டு 7 நாள், மேலே போனால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இதை எல்லோரும் சொல்வார்கள். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டும் 15 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலையும் இருந்தால்தான் இந்த நாட்கள் என்ற நிபந்தனையை முதல் அட்டையில் எழுதுங்கள். இன்று சைட்டில் இறங்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை பி.பி.சி., அதாவது போஸலானா கலந்த போர்ட்லேண்ட் சிமென்ட்; அந்த நிபந்தனைக்குள் அது வராது.